பள்ளத்தின் விளிம்பிலே

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையைச் சுற்றிப் பார்க்கச் சென்ற நாங்கள், பதுளையில் மட்டக்களப்புப் பஸ்ஸில் ஏறினோம். தன்னாமுனையில், வாவிக்கரையில் வாழும் அன்பர் ஒருவர் எங்களை எதிர்பார்த்திருந்தார். வண்டியோ ஆமைபோல் ஊர்ந்தது. சாரதியின்மீது எங்களுக்குச் சிறிது மனத்தாங்கலும் உண்டாயிற்று.

பசறையைக் கடந்ததும் அவ்வெண்ணம் பறந்தது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் அதல பாதாளம். குறுகிய வளைவொன்றில் எதிரே லாரி ஒன்று வந்து நின்றது. எங்கள் பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தோம். சாலையின் ஓரம் தெரியவில்லை, சரிவுதான் தெரிந்தது! பஸ்ஸில் பேச்சரவம் அடங்கிவிட்டது.

"பயப்படாதீங்க பிள்ளைகள், இவர் அவசரப்படாத மனுசன்" என்றார் மட்டக்களப்பு மூதாட்டி ஒருவர்.

லாரி உரசாமல் கடந்து சென்றது. 2021 மார்ச் 20ஆம் தேதி, பசறை 13ஆம் கட்டை அருகே, பாறை விழுந்து பாதை குறுகியிருந்த இடத்தில், பஸ் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியை மூதாட்டி அதன் பின்னரே எங்களுக்குச் சொன்னார்.

பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைத் தாண்டிச் சமவெளியை அடைந்தோம். செங்கலடியில் பதுளைச் சாலை முடிய, வண்டி தெற்கே திரும்பி ஏறாவூர் வழியாகச் சென்றது. தன்னாமுனையில் இறங்கியபோது, கதிரவன் மேற்கே வாவியில் தாழ்ந்துகொண்டிருந்தான். நேரமாயிற்றே என்று எங்களுள் எவரும் வருந்தவில்லை. சாரதியை நோக்கிக் கைகூப்பினோம். அவர் புன்னகைத்துவிட்டு, மேடுபள்ளமற்ற அந்தச் சாலையிலும் அதே ஆமை நடையில் வண்டியைச் செலுத்தினார்.