கடிதம் கொடுக்கும் முன்

9-6-2024, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பெரியவள் நான்காம் வகுப்பு, மாநகராட்சிப் பள்ளி. காலை உணவு அங்கேயே கிடைப்பதால் ஏழரைக்கெல்லாம் நான் ராயபுரத்திலிருந்து கிளம்பிவிடலாம். சின்னவனுக்கு மூன்று வயது. அங்கன்வாடி விட்டதும் அத்தை கூட்டி வந்துவிடுவார். காலையில் தொந்தரவே இல்லை, சாயங்காலம்தான் தொந்தரவு. ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை, எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் எட்டைத் தாண்டும். நான் வரும்போது அவன் தூங்கியிருப்பான்.

வீட்டுக்காரர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இந்த நேரத்தில் வேலையை விடும் பேச்சை எப்படி எடுப்பது? முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்: ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்க வேண்டும்.

11-6-2024, செவ்வாய்

இன்று யார்டுக்கு வந்த நாற்பதடி கண்டெய்னர் பெட்டியை ‘லைட் டெஸ்ட்’ பார்த்தேன். உள்ளே போய் நின்றுகொண்டு இரண்டு கதவையும் சாத்தச் சொன்னேன். கும்மிருட்டு, இரும்பின் வெக்கை, பழைய மிளகாய் நெடி. பக்கச் சுவரில் இரண்டு இடத்தில் ஊசிமுனை வெளிச்சம். சரக்கு நனைந்து கெட்டுப்போக அது போதும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

மதியம் வெல்டர் அண்ணன் துருவை வெட்டியெடுத்து, அதே வகைத் தகட்டை வைத்து ஒட்டினார். கேட்டதும் முகக்கவசத்தையும் ஹோல்டரையும் என் கையில் கொடுத்தார். “கைய இழுக்காத தங்கச்சி. எண்ணெயில வடை பொரியிற சத்தம் ஒரே சீரா வரணும். சத்தம் மாறிச்சுன்னா தூரம் மாறிச்சுன்னு அர்த்தம்” என்றார். கழிவுத் தகட்டில் நான் போட்ட கோடு புழுவாக நெளிந்தது. கடைசி ஒரு அங்குலம் மட்டும் நேராக வந்தது. அந்த ஒரு அங்குலத்தை வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. அதை அடைக்கத் தெரிந்தவருக்குச் சம்பளமும் அதிகம், எந்த யார்டிலும் வேலை உண்டு.

15-6-2024, சனி

தடை முடிந்து படகு போய்விட்டது. கிளம்பும் முன் அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. “ஒரு வருஷம் சம்பளம் இல்லாம எப்படி ஓட்டுறது? அதச் சொல்லு” என்றார். நியாயமான கேள்வி. அத்தைதான், “பொம்பளைக்கு எதுக்குடி இந்த நெருப்பு வேல? புள்ளைங்கள யாரு பாப்பா?” என்றார்.

பிள்ளைகளுக்காகத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அத்தை சமாதானமாகியிருப்பார். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கும் நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு தொழில் தெரிய வேண்டும் என்ற ஆசை என்னுடையது. ஐ.டி.ஐ. வகுப்பு பகல் வேளையில்தான். இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பேன். இந்த வேலையில் இருப்பதைவிடப் படிக்கும்போதுதான் பிள்ளைகள் என்னை அதிகம் பார்ப்பார்கள்.

20-6-2024, வியாழன்

திருவொற்றியூரில் தொழிற்சங்கத் தோழரைப் பார்த்தேன். “கடிதத்த அவசரப்பட்டு நீட்டாதீங்கம்மா, முதல்ல தேதியப் பாருங்க” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், இன்னொருத்திக்கும் உதவும்.

பணிக்கொடை: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி வேண்டும். நான் சேர்ந்தது 2019 அக்டோபர் முதல் வாரம். ஐந்து முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆனால் ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாதம் 26 நாள் கணக்கில் ஜூலையில் அது நிறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை முழு வருடமாகவே எடுத்துக்கொள்வார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,300. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் 41,250 ரூபாய். இன்றைக்கே கடிதம் கொடுத்துவிட்டு நின்றிருந்தால் இந்தத் தொகைக்குச் சண்டை போட வேண்டியிருக்கும்.

இ.எஸ்.ஐ.: ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவம் உண்டு. போன அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆக, 2025 ஜூன் வரை சின்னவனின் வீசிங்குக்கு அயனாவரம் ஆஸ்பத்திரி இருக்கிறது. எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான்.

பி.எஃப்.: எடுக்கப் போவதில்லை. அடுத்த வேலையிலும் அதே யு.ஏ.என். எண்ணில் தொடரட்டும்.

23-6-2024, ஞாயிறு

கணக்கு நோட்டை அவர் முன்னால் விரித்தேன். பிடித்தம் போக நான் வீட்டுக்குக் கொண்டுவருவது சுமார் 12,475. பணிக்கொடையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,437. அரசு ஐ.டி.ஐ. உதவித்தொகை 750. ராத்திரி ஷேர் ஆட்டோச் செலவு மிச்சம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியும் பெரிய துண்டு விழுகிறது. சீட்டுப் பணம் நவம்பரில் வரும், அதை இதற்கே வைக்கலாம். அடுத்த தடைக்காலத்துக்கு மட்டும் என் சங்கிலி பாங்குக்குப் போகும். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். “சங்கிலிய மீட்டுக்கலாம். வயசு போனா மீட்க முடியாது” என்றார்.

வயது தடையில்லை. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. தெரியாமல் இத்தனை வருடம் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

30-6-2024, ஞாயிறு

அப்பா வந்திருந்தார். அவர் வேலை பார்த்த மில் மூடியபோது அவருக்கு அந்த ஒரு மெஷினை ஓட்ட மட்டும்தான் தெரியும். பிறகு காவலாளி வேலைதான். இந்தப் பக்கத்தில் மூடாத கம்பெனி எது? 1970-இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமே 2017-இல் நின்றுவிட்டது. “கம்பெனி பேரச் சொல்லிப் பெருமப்பட்டோம். கைல தொழில் இருந்தவன் அடுத்த வாரமே வேற இடத்துல நின்னான்” என்றார் அப்பா. அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு, “சாயங்காலம் நீ வந்துடுவல்ல? அப்பச் சரி” என்றார்.

5-7-2024, வெள்ளி

முடிவு இது. விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சீட் உறுதியான பிறகுதான் ராஜினாமா, அதுவும் 240 நாள் நிறைந்த பிறகு. வருகைப் பதிவின் நகல், ஐந்து வருடச் சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்தாயிற்று. இந்த வருடம் சீட் கிடைக்காவிட்டால் வேலையில் இருந்துகொண்டே அடுத்த வருடம் போடுவேன். கிடைத்தால், கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று எழுத மாட்டேன். வெல்டிங் படிக்கப் போகிறேன் என்றே எழுதுவேன்.