இமைப்பொழுதினும் சிறிய பொழுது

பொழுதை அளத்தற்கு மனிதன் எக்காலத்தும் தன் கைக்கெட்டிய நிகழ்ச்சியொன்றையே கருவியாகக் கொண்டான். தொல்காப்பியனார் எழுத்தின் மாத்திரையை வரையறுக்கப் புகுந்தபோது கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாகக் கொண்டார். இலக்கணவகுப்பில் நாம் இதனைக் கூறும்போது, இமைப்பினும் சிறிய பொழுதை அளப்பது எங்ஙனம் என வினவும் மாணவரும் உளர். அவ்வினாவுக்கு இன்றைய பௌதிகவியல் தரும் விடை வியக்கத்தக்கது.

ஒளி பட்டால் மின்கடத்தும் இயல்பு மிகும் பொருள்கள் சில உள. 1873 ஆம் ஆண்டிற் கடலடித் தந்திக்கம்பிகளைச் சோதித்துவந்த வில்லோபி சிமித் என்னும் ஆங்கிலேயர் செலீனியத்தில் இவ்வியல்பு இருத்தலை வெளியிட்டார். 1975 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் ஒஸ்ரன், லேசர் ஒளித்துடிப்பினால் இயங்கும் சிலிக்கன் ஆளியொன்றை அமைத்தார். அது பிக்கோசெக்கன் அளவிற் செயற்பட்டது. ஒரு செக்கனை இலட்சங்கோடி கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறே பிக்கோசெக்கனாம்.

யேர்மனியின் மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2015 இல் வெளியிட்ட ஆய்விலே, தலைமயிரினும் பன்னூறு மடங்கு மெல்லிய குறைகடத்தி நனோக்கம்பிகளின்மீது லேசர்த் துடிப்பைச் செலுத்தினர். ஒளியை உட்கொண்ட கம்பியில் இலத்திரன்கள் விடுபட்டோடப் பிக்கோசெக்கன் அளவான மின்துடிப்புப் பிறந்தது.

இதனை எக்கடிகாரங்கொண்டு அளப்பது? சாதாரண மின்கருவிகள் இவ்வேகத்துக்கு ஈடுகொடா. ஆதலின் ஒளியையே அளவுகோலாக்கினர். லேசர்க் கதிரை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று கம்பியிற் பட்டு மின்துடிப்பைப் பிறப்பித்தது. மற்றையது ஆடியிற் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதித்து வந்து, ஒஸ்ரன் வகை ஆளியை இயக்கி, அக்கணத்தில் ஆங்கு வந்த மின்னோட்டத்தை மட்டும் காட்டிற்று. ஒளி ஒரு பிக்கோசெக்கனிற் செல்லுந் தூரம் 0.3 மில்லிமீற்றர். ஆடியை 0.15 மில்லிமீற்றர் பின்னகர்த்தினால், போதலும் மீளலுமாக ஒரு பிக்கோசெக்கன் தாமதமாகும். இவ்வாறு ஆடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, மீண்டும் மீண்டும் பிறக்குந் துடிப்புக்களினின்று துடிப்பின் முழு வடிவத்தையும் அறிந்துகொண்டனர். பொழுதின் அளவு தூரத்தின் அளவாயிற்று.

இத்தகைய நுண்பொருளைத் தமிழிற் சொல்ல இயலாதென்பார் நம்மவருள் இன்றும் உளர். மேலே இரவற்சொற்கள் சில வந்தன. ஆளி, ஆடி, கதிர், துடிப்பு என்பன நம்முடையவை. தமிழிற் விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைக்குப் பாடநூலுக்கு அப்பால் வாசிக்கக் கிடைப்பது மிகச் சிறிதே. கல்லூரியன்னையின் மைந்தர் பலர் உலகின் ஆய்வுகூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் சிறந்து விளங்குகின்றனர். அவர்கள் ஆண்டுக்கொரு கட்டுரையேனும் தாய்மொழியில் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புவாராயின், அதனினும் சிறந்த நன்றிக்கடன் பிறிதில்லை.