கல்யாண போட்டோ: ட்ரெடிஷனலா, கேண்டிட்டா?

2025 ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம். மண்டபம், சமையல், மேளம் எல்லாம் ஒரே வாரத்தில் பேசி முடித்தாகிவிட்டது. போட்டோவுக்கு மட்டும் எங்கள் வீட்டில் 3 வாரம் சண்டை. "இவன்தான் பி.காம் படிக்கிறானே, கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்" என்று பஞ்சாயத்தை என் தலையில் கட்டினார்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ட்ரெடிஷனல் என்பது நமக்குப் பழகின முறை. போட்டோகிராபர் மணமக்களுக்கு நேர் எதிரே நிற்பார். பக்கத்தில் வீடியோ லைட் கண்ணைக் கூசும். மொய் எழுதினவர்கள் குடும்பம் குடும்பமாக மேடை ஏறி வரிசையில் நிற்க, "இங்க பாருங்க" என்று ஒரு குரல், ஒரு ஃப்ளாஷ், அடுத்த குடும்பம். கேண்டிட்டில் யாரையும் நிற்கச் சொல்ல மாட்டார்கள். நீளமான லென்ஸை வைத்துக்கொண்டு தூணோரம் நின்று, நாம் பார்க்காத நேரத்தில் எடுப்பார்கள்.

அக்காவுக்கு முழுக்க முழுக்க கேண்டிட்தான் வேண்டும். "விறைச்சுக்கிட்டு நிக்கிற 400 போட்டோ எனக்கு எதுக்கு?" என்றாள். அப்பாவோ, "ஒளிஞ்சு நின்னு எடுக்கறவனுக்கு எதுக்கும்மா இவ்வளவு காசு?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அக்கா பார்த்து வைத்திருந்த கேண்டிட் குழு கேட்டது 1,60,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஆக மொத்தம் 1,88,800. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தச் சீட்டை மறுபடி பார்த்தார். தொகை மாறவில்லை!

உண்மையைச் சொன்னால் முதலில் நான் அக்கா கட்சி. என்னை மாற்றியது 1998-இல் நடந்த அப்பா அம்மா கல்யாண ஆல்பம். அப்போதெல்லாம் பிலிம். ஒரு ரோலுக்கு 36 படம். எண்ணி எண்ணித்தான் எடுத்திருப்பார்கள். அதில் ஒரு படத்தில் அப்பாவைப் பெற்ற தாத்தா நிற்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அந்த முகம், அந்தச் சட்டை... எங்கள் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் இதிலிருந்து வெட்டி எடுத்ததுதான். அந்தப் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். சின்ன வயதில் அது என்னவென்று பலமுறை யோசித்திருக்கிறேன். அது பக்கத்தில் நின்ற அப்பத்தாவின் பட்டுச்சேலை! தாத்தாவுக்கு வேறு போட்டோவே கிடையாதாம். விறைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு படம் இல்லையென்றால் அவர் முகமே எனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் நான் சொன்ன தீர்ப்பு: ட்ரோன் வேண்டாம், கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் வேண்டாம். உள்ளூர் ட்ரெடிஷனல்காரர் முழு நாளும், கேண்டிட்டுக்கு ஒரே ஒரு ஆள் முகூர்த்தத்திலிருந்து மதியம் வரையும். மொத்தம் 95,000. அக்கா 2 நாள் என்னோடு பேசவில்லை. அப்பத்தாவுக்கு வயது 84. அவர் மேடையில் நிற்கிற மாதிரி நல்ல படமாக ஒன்று கிடைத்துவிடும் என்பதுதான் என் மனக்கணக்கு.

அந்தக் கணக்கு கல்யாணத்தன்று தப்பிப்போனது. மேடைக்கு 5 படி. அப்பத்தாவுக்கு முட்டிவலி. ஏற முடியாமல் முன்வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மொய் வரிசையோ வாசல் வரை. போட்டோகிராபரால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியவில்லை. மேடை ஏறாதவர் ஆல்பத்தில் இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அதே கதிதான்.

கடைசியில் அக்காதான் கவனித்தாள். வரிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இறங்கி வந்து அப்பத்தா காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். அப்பத்தா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த அட்சதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அப்பா "ஒளிஞ்சு நின்னு எடுக்கறவன்" என்று சொன்னாரே, அந்த ஆள் அதை அப்படியே எடுத்துவிட்டார்.

கேமராவிலேயே அப்பத்தாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா நான் இங்கிட்டுப் பாக்கலையே. நாளைக்கு மாலை போட இது ஆகுமா? நேரா ஒண்ணு எடுக்கச் சொல்லு."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஓடிப்போய் ட்ரெடிஷனல்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். அப்பத்தா முந்தானையைச் சரி செய்துகொண்டு, சிரிக்காமல், கேமராவை நேராகப் பார்த்தார். ஒரே ஃப்ளாஷ்.

முதல் படம் இப்போது அக்காவின் போன் முகப்பில் இருக்கிறது. இரண்டாவதைப் பிரிண்ட் போட்டு வாங்கி, தன் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார் அப்பத்தா. ஆளும் நன்றாகவே இருக்கிறார், தினமும் என்னைத் திட்டிக்கொண்டு.

உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை வந்தால், எந்த ஸ்டைல் என்று கேட்பதற்கு முன்னால், யார் யார் முகம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேடை ஏற முடியாதவர் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுங்கள். அந்தத் தாளை போட்டோகிராபர் கையில் கொடுங்கள். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது :)