ஹெல்சின்கியில் நடுநிசி, ஃபேர்லேண்ட்ஸில் விடிகாலை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். சித்திரை வெயிலில் அந்தத் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அங்கிருந்து கிளம்பியவன் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஹெல்சின்கியில் போய் இறங்கினேன். காலை ஒன்பதரையை ஒட்டித்தான் சூரியன் எட்டிப் பார்த்தது. பிற்பகல் மூன்றேகாலுக்கெல்லாம் மறைந்துவிட்டது.

விமானம் நின்றதும் போனை ஆன் செய்தேன். சற்று நேரத்தில் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்தது. எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அதற்குள் என்னவெல்லாம் நடந்து முடிந்தது என்று தெரிந்தவனுக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். என் சிம்முக்குள் இருக்கும் அடையாள எண் 404 என்று தொடங்கும். இந்தியா என்று அர்த்தம். அதைப் பார்த்த ஃபின்லாந்து நெட்வொர்க், என் நெட்வொர்க்கின் பதிவேட்டைத் தேடிப் போய், "இவர் உங்கள் ஆளா?" என்று கேட்கிறது. பதிலாக ஒரு கணக்கு வருகிறது. சிம்முக்குள் புதைந்திருக்கும் ரகசியச் சாவி இருந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். அந்தச் சாவி மட்டும் சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. விடை சரியென்றால் ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது: இவர் இப்போது ஃபின்லாந்தில், இன்ன நெட்வொர்க்கில் இருக்கிறார்.

ஒரு வார்த்தைகூட இன்னும் பேசவில்லை. இந்த விசாரிப்புக்குத்தான் சிக்னலிங் என்று பெயர். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் அடுத்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "பார்ட்டி இருக்காங்களா?" என்று கேட்டாரே, அதே வேலை. இன்று அதை எஸ்.எஸ்.7, டயாமீட்டர் என்னும் இரண்டு மொழிகளில் கணினிகள் பேசிக்கொள்கின்றன.

எங்கள் தொலைத்தொடர்புத் தொழிலுக்கு ஃபின்லாந்து ஒரு பிறந்த வீடு. 1991 ஜூலை 1 அன்று முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, டாம்பெரே நகரின் துணை மேயர் காரினா சுவோனியோவை அழைத்ததுதான் உலகின் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு. மறுவருடமே பிரிட்டனின் வோடஃபோனும் இங்குள்ள டெலிகாம் ஃபின்லாந்தும் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பாக, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது 1995 ஜூலை 31-ல்.

நான் போனது அங்குள்ள ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சர்வர் அறைக்கு. புதிய சிக்னலிங் மென்பொருளுக்காக 12 விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரு சர்வருக்குள் தனித்தனியாக இயங்கும் மென்பொருள் கணினிகளை, ஏற்ற வேண்டும், பழைய 12-ஐ இறக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த மென்பொருள் தனக்கென்று தனி அலமாரியோடு வரும். சாதாரண சர்வரே போதும், அதற்குள் விர்ச்சுவல் மெஷின்களாக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய தொலைபேசி நிறுவனங்கள் கூடி அறிக்கை விட்டது 2012 அக்டோபரில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில்.

எங்கள் ஊரில் சர்வர் அறை என்றால் ஏ.சி.க்கு அழுகிற கரண்ட் பில்தான் முதலில் நினைவுக்கு வரும். ஹெல்சின்கியில் அந்தச் சூட்டை வீணாக்க மனம் வராமல் பிடித்து வைக்கிறார்கள். நகரின் பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவுக்கடியில் ஓடும் குழாய்களில் வெந்நீர் போகிறது. உஸ்பென்ஸ்கி தேவாலயத்துக்குக் கீழே, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து குடைந்த பாறை அறையில் சர்வர்களை வைத்து, அவற்றின் சூட்டையும் அந்தக் குழாயில் சேர்த்தார்கள். விடுதி அறையில் ரேடியேட்டர் மேல் கை வைத்தபோது எனக்கு அந்தச் சர்வர்கள்தான் நினைவுக்கு வந்தன.

வேலை நேரம் இரவு ஒன்று முதல் ஐந்து வரை. ஏற்றுவதில் இரண்டு விஷயம் முக்கியம். ஜோடியாக இயங்கும் இரண்டு மெஷின்களை ஒரே சர்வரில் வைக்கக் கூடாது. அது விழுந்தால் இரண்டும் போய்விடும். அடுத்தது, ஒவ்வொன்றுக்கும் பிராசஸரில் இத்தனை கோர் என்று ஒதுக்கி, பக்கத்து மெஷின் கை வைக்காதபடி கட்டிப்போட வேண்டும். மின்னஞ்சல் நான்கு விநாடி தாமதித்தால் குடி முழுகாது. சிக்னலிங் தாமதித்தால் அழைப்பே போய்ச் சேராது.

இறக்குவதுதான் கனமான வேலை. முதலில் புதிய இணைப்புகள் வராமல் நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தை ஜோடி மெஷினுக்குத் திருப்பி, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டெஸ்ட்ராய் என்ற கட்டளையின் பெயர்தான் பயங்கரம். பிளக்கைப் பிடுங்குவதுபோல மெஷினை நிறுத்தும், அவ்வளவுதான். அன்டிஃபைன் கொடுத்தால் மெஷினின் ஜாதகம் போகும். அதற்குப் பிறகும் டிஸ்க் ஃபைல் சேமிப்பகத்தில் கிடக்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில், 3 என்று நினைத்து 13-ன் ஃபைலை அழித்தேன். ஜோடி மெஷின் தாங்கிக்கொண்டதால் யாருடைய அழைப்பும் அறுபடவில்லை. ஆனால் அன்று கையில் வந்த நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. அதனால் ஹெல்சின்கியிலும் உடனிருந்தவரிடம் கேட்டுக்கொண்டேன்: பெயரை நீங்கள் உரக்கப் படியுங்கள், நான் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்டுவேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

ஏழாவது மெஷினை இறக்கிவிட்டுக் காபிக்காக வெளி அறைக்கு வந்தேன். மணி இரண்டு. போன் அடித்தது. ஊரில் ஐந்தரை.

"எங்க கண்ணு இருக்கே? தூங்கலையா?"

"வேலைல இருக்கேன்மா. நீங்க எந்திரிச்சிட்டீங்களா?"

"வாசல் தெளிச்சுக் கோலம் போட்டாச்சு. அங்க ரொம்பக் குளுருதா சாமி?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். வாட்ஸ்அப் எல்லாம் அம்மாவுக்கு ஒத்துவராது. வழக்கமான நம்பரைத்தான் அழுத்துவார். அந்தப் பத்து இலக்கங்களை வாங்கிய நெட்வொர்க், நான் எங்கே என்று பதிவேட்டைக் கேட்டு, பதிவேடு ஹெல்சின்கியைக் கேட்டு, என்னைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. என் போன் பிடித்திருந்ததும் நாங்கள் கை வைத்துக்கொண்டிருந்த அதே நிறுவனத்தின் நெட்வொர்க்தான். பாதி மெஷின்கள் புதியவை, பாதி பழையவை என்றிருந்த அந்த வேளையிலும் அம்மாவின் கேள்வி வழி தவறாமல் வந்து சேர்ந்தது. காபி ஆறும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் சென்னையில் இறங்கிப் போனை ஆன் செய்தேன். என் பதிவேட்டில் பழைய வரி போய் உள்ளூர் வரி ஏறியிருக்கும். அதே கையோடு ஹெல்சின்கிக்கு, "இவர் கிளம்பிவிட்டார், உங்கள் குறிப்பை நீக்கிவிடுங்கள்" என்று ஒரு செய்தியும் போகும். நாங்கள் ஏற்றிவிட்டு வந்த பன்னிரண்டில் ஏதோ ஒன்றுதான் அதை வாங்கி, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பியிருக்கும். நான் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடிக்க சென்ட்ரலுக்குக் கிளம்பினேன்.