சாதுப் பிராணி

சேர்வராயன் மலைக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் முயல் ஒன்றை வளர்க்கத் தொடங்கினோம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். வெயில் தாங்காத உயிருக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று எண்ணினோம். கேரட்டும் பிஸ்கட்டும் கொடுத்து, அதையே அன்பென்று நம்பினோம்.

மார்கழிக் காலையொன்றில் அது உண்ண மறுத்தது. புழுக்கையும் இல்லை. நாய் ஒருவேளை பட்டினி கிடந்து தேறுவதில்லையா என்றிருந்துவிட்டோம். மாலையில், குழந்தைக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் மருந்தைப் புகட்டினோம். இரண்டு நாளில் கழிச்சல் கண்டது. கூடையை மடியில் வைத்தபடி இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கினோம். சேலத்தை அடையுமுன் கூடை அசைவற்றுப் போயிற்று.

கால்நடை மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். முயலின் செரிமானம் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களால் நடப்பது. வாய்வழி தரும் அமாக்சிசிலின் அவற்றை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்கு இடமளித்துவிடும். உண்டதை வாந்தியெடுக்கவும் முயலால் இயலாது. வாழ்நாளெல்லாம் வளரும் பற்கள் தேயவும் குடல் இயங்கவும் அதற்கு வேண்டியது புல்தான். அரைநாள் உண்ணாதிருந்தாலே மருத்துவரிடம் ஓடவேண்டும்.

வலியைக் காட்டிக்கொள்ளும் முயல் காட்டில் தப்பாது; ஆகவே அது நோயை மறைக்கிறது. நாங்களோ அந்த மௌனத்தைச் சாதுத்தனமென்று கொண்டாடியிருந்தோம்.

கூடை இன்னும் பரணில் கிடக்கிறது. முயல் வளர்க்கலாமா என்று கேட்போரிடம், புல் எங்கே அறுப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம்.