கூட்டுகிறவள் பெயர்

பூதலூரிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் முனையில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டப் பலகை நிற்கிறது. நீளம், செலவு, ஒப்பந்தக்காரர் பெயர். கடைசியில் ‘பராமரிப்பு 5 ஆண்டுகள்’. 2000இல் தொடங்கிய திட்டம். இப்போது சாலை போடும் செலவில் 60 பங்கு மத்திய அரசுக்கு, 40 மாநிலத்துக்கு. பராமரிப்போ மாநிலத்தின் தலையில். ஐந்து வருடம் முடிந்தால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பில்லை.

எங்கள் சாலைக்கு அது முடிந்து வெகுகாலம். அறுவடை இயந்திரமும் நெல் லாரியும் மிச்சத் தாரையும் பிய்த்துவிட்டன. களமில்லாத ஊரில் நெல் காய்வது சாலையில்தான். தப்புதான், ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்களே! குழியில் விழுந்த நெல்லைச் சின்னம்மா விளக்குமாற்றால் கல்லும் மண்ணுமாகக் கூட்டி எடுப்பார், பிறகு உட்கார்ந்து புடைப்பார். அந்த வேலைக்குக் கூலி கிடையாது.

புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு, படம் உண்டு. குழி அடைப்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

“வீடு கட்டுனவன் பேரு வாசல்ல இருக்கு. தெனம் கூட்டுறவ பேரு எங்க இருக்கு?” என்றார் சின்னம்மா.

கிராம சபையிலும் எழுந்து கேட்டார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது; எங்கள் தலைவரும் பெண்தான். பதில் சொன்னது அவர் கணவர்.

மறுவாரம் ஒரு டிராக்டர் கிராவல் கொட்டினார்கள். ஐப்பசி மழையில் அது வயலுக்குள் போயிற்று.