கண்ணை மூடாதே

21.01.2024, ஞாயிறு

கேலோ இந்தியா இளையோர் போட்டி இந்த முறை நம்மூரில் நடப்பதால் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருக்கிறார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்த மகள், "நீங்களும் கம்பு சுத்துவீங்கன்னு அத்தை சொன்னாங்களே, நிசமாப்பா?" என்றாள். பரணில் ஏறித் தேடினேன். பன்னிரண்டு வயதில் என் புருவத்துக்கு அளந்து வெட்டிய கம்பு. இப்போது நிறுத்தினால் தோளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

அதைக் கையில் வாங்க மூன்று மாதம் ஆனது. அதுவரை வெறுங்கையோடு கால்வரிசைதான். புளியமரத்தடியில் ஆசான் குதிகாலால் மண்ணில் கோடு கிழிப்பார். அதன்மேல் முன்னும் பின்னும் மிதித்தே பொழுது சாயும். கம்பு வரும் என்று போனவனுக்குக் கெண்டைக்கால் வலிதான் வந்தது.

23.01.2024, செவ்வாய்

சிலம்பம் கற்றால் தன்னம்பிக்கை வளரும் என்று பயிற்சிப் பள்ளிகளின் போர்டில் எழுதியிருக்கிறது. எனக்கு வளர்ந்தது பயம். நன்றாக விளைந்த மூங்கில், எண்ணெய் குடித்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது 'விர்ர்' என்று ஒரு சத்தம். அடியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு கூசும்.

ஆசானுக்கு அது தெரியும். வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் மூக்குக்கும் நாலு விரற்கடை முன்னால் கம்பை வீசி நிறுத்துவார். நகரக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. மூடினால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வரவேண்டும். முதல் நாள் ஏழு தடவை போனேன். "பயப்படுடா, வேணாங்கல. பாத்துக்கிட்டே பயப்படு" என்பார்.

கோபத்துக்கு வேறு வைத்தியம். ஒருநாள் விளையாட்டு முற்றி, கூட்டாளியின் விரல் முட்டியில் வேண்டுமென்றே போட்டேன். ஆசான் திட்டவில்லை. கம்பை வாங்கிக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். மூன்று வாரம் மற்றவர்கள் கம்புக்கெல்லாம் எண்ணெய் தேய்த்தேன். என்னிடம் அடிவாங்கியவன் கம்புக்கும்தான்.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று, கவரைப் பிரிக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. நான் பிரித்தேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். காதில் அந்த 'விர்ர்' கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கடைசி வரி வரை படித்தேன்.

28.01.2024, ஞாயிறு

காலையில் மொட்டைமாடி. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடங்கினேன். கால்வரிசை மறக்கவில்லை, மூன்றாவது திருப்பத்தில் முழங்கால்தான் சொடுக்கியது. மகள் உடனே கம்பைக் கேட்டாள். மூன்று மாதம் கழித்து என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சரி, ஆறுதலுக்கு ஒரு விளையாட்டு என்று அவளை எதிரே நிறுத்தினேன். பழைய நாலு விரற்கடையை நம்பாமல் நல்ல தூரம் விட்டு, மெல்ல வீசி நிறுத்தினேன்.

"மூடிட்டியா?"

"நான் மூடலப்பா," என்றாள். "நீங்கதான் மூடுனீங்க."